ஒற்றை ஆளுக்கு நாலு சதவீதம்

கம்பெனிகளுக்கு மதிப்புப் போடுவதுதான் அவளுடைய பிழைப்பு. எந்த ஃபைல் வந்தாலும் வாங்குவது யார், விற்பது யார் என்றுதான் முதலில் கேட்பாள். அதைக் கேட்காமல் கணக்கைத் திறந்தவர்களை ஆபீஸில் வறுத்தெடுத்திருக்கிறாள். அண்ணனிடம் மட்டும் அவள் கேட்கவில்லை. கூடப் பிறந்தவனிடம் போய் யார் அதைக் கேட்பார்கள்?

அப்பா விட்டுப்போன அட்டைப்பெட்டி ஃபேக்டரியை அண்ணன் நடத்தினான். அவனுக்கு முக்கால் பங்கு, அவளுக்குக் கால். அவள் பெயரில் இருந்த சொத்து அது ஒன்றுதான். சம்பள வேலையை உதறிவிட்டுச் சொந்தமாக ஆபீஸ் போட அதைத்தான் நம்பியிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தான். லோன் கேட்டிருப்பதாகவும், கம்பெனியின் மூலதனச் செலவு எத்தனை சதவீதம் என்று பேங்க் கேட்பதாகவும் சொன்னான். பணம் போடுகிறவன் ஆபத்துக்கு ஈடாக எவ்வளவு வருமானம் எதிர்பார்ப்பான் என்பதுதான் அது. அந்தச் சதவீதம் ஏறினால் கம்பெனியின் மதிப்பு இறங்கும்.

“ஜாக்கிரதையா போடு பாப்பா. மதிப்ப ஏத்திப் போட்டா பேங்க்காரன் நம்பமாட்டான்.”

சாப்பாட்டு மேஜையில் தட்டுகளை ஒதுக்கிவிட்டு அவள் பன்னிரண்டு சதவீதத்தில் தொடங்கினாள். சின்னக் கம்பெனி என்பதற்கு மூன்று கூட்டினாள். சரக்கில் பாதி ஒரே பிஸ்கட் கம்பெனிக்குப் போகிறது. வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஆர்டர்தானே என்று கேட்டாள். ஆமாம் என்றான். அதற்கு மூன்று. எல்லாம் தன் ஒருவன் தலையில்தான் ஓடுகிறது, தான் படுத்தால் ஃபேக்டரியும் படுத்துவிடும், அதையும் சேர்த்துக்கொள் என்று அவனே சிரித்தான். ஒற்றை ஆளை நம்பிய கம்பெனி என்று எழுதி நாலு போட்டாள். மொத்தம் இருபத்திரண்டு. மதிப்பு ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் காரணத்தைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்து, ஃபீஸ் எங்கே என்று கிண்டல் வேறு. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்பவர்கள் இப்படிச் சிரித்துக்கொண்டுதான் வைத்துக்கொள்வார்கள் போல.

மூன்று வாரத்தில் நோட்டீஸ் வந்தது. அவளுடைய பங்கை அண்ணன் வாங்கப் போகிறானாம். ஒருவர் கேட்டால் மற்றவர் ஆடிட்டர் போடும் விலைக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்பது அப்பா எழுதிவைத்த ஒப்பந்தம். பிள்ளைகளுக்குள் சண்டை வரக்கூடாது என்று பாவம் அந்த மனிதர் எழுதினார்.

ஃபேக்டரி ஆபீஸில் பசை நெடி. ஆடிட்டரும் இருபத்திரண்டை வைத்துத்தான் விலை போட்டிருந்தார். அது அநியாயம் என்று அவள் சொன்னதும், ஒரு தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அவளுடைய கையெழுத்து. அடித்துப் பிடுங்கியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

ஆர்டர் ஃபைலைக் காட்டச் சொன்னாள். அண்ணன் அசையவில்லை. அவளே அலமாரியிலிருந்து எடுத்துப் பிரித்தாள். பிஸ்கட் கம்பெனியோடு ஐந்து வருட ஒப்பந்தம். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் முந்தைய தேதி.

ஆடிட்டர் அதை இருமுறை படித்தார். இது தனக்குக் காட்டப்படவில்லை என்று அண்ணனைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பிஸ்கட் கம்பெனிக்காகப் போட்ட மூன்றை அடித்தார். பேனா அடுத்த வரியில் நின்றது.

“இந்த நாலையும் எடுத்துடலாமா மேடம்? நீங்க சொன்னா எடுத்துடறேன்.”

எடுத்தால் அவள் பங்குக்கு இன்னும் நல்ல விலை வரும். அண்ணன் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தான்.

“பாப்பா, நான் வந்து…”

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

“அது இருக்கட்டும் சார். ஒரே ஆள நம்பறதுக்குப் போட்டது. அதுல நான் பண்ணின தப்பு, கம்மியா போட்டதுதான்.”