முனையைத் தாண்டுமுன்

கரை முடிந்து நீரிணை தொடங்கும் முனை கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அதைத் தாண்டுமுன் பந்தயத்தில் இருக்கும் ஒவ்வொரு படகும் வானொலியில் வாய் திறந்து சொல்லியாக வேண்டும்: படகும் ஆட்களும் நலம், நீரிணைக்குள் போகிறோம் என்று. சொல்ல முடியாதவர்கள் ஈடன் துறைமுகத்துக்குத் திரும்பிவிட வேண்டும். எங்கள் படகில் இரண்டே பேர். சுக்கான் என் கணவன் அலிஸ்டரிடம். வழி பார்ப்பதும் வானொலியில் பேசுவதும் என் வேலை.

தென்மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அலைகள் இப்போதே படகைத் தூக்கித் தூக்கிப் போட்டன. காலையில் பாயின் அடிக்கட்டை திடீரென்று மறுபக்கம் வீசி அலிஸ்டரின் தலையில் அடித்திருந்தது. ரத்தம் வரவில்லை. "என் மண்டையப் பத்தி உனக்குத் தெரியாதா? கட்டைக்குத்தான் வலிச்சிருக்கும்" என்று சிரித்தான். நானும் சிரித்துத் தொலைத்தேன். போன இரண்டு முறையும் பாதியில் திரும்பியவர்கள் நாங்கள். இந்த முறை எங்கள் பிரிவில் எங்களுக்கு முன்னால் ஒரே ஒரு படகுதான்.

"நெரிஸ், அங்க பாரு. ரெண்டு சிவப்புப் பாய். ஒட்டிக்கிட்டே போறானுங்க. பிடிச்சிரலாம்."

பார்த்தேன். ஒரு சிவப்புப் பாய்தான் போய்க்கொண்டிருந்தது.

"அலிஸ்டர், என்னைப் பாரு. எத்தனை பேரா தெரியுறேன்?"

"ஒருத்தியவே தாங்க முடியல" என்றான். ஆனால் அவன் பார்வை என் முகத்துக்கு வரவில்லை, தோளுக்குப் பக்கத்தில் எங்கோ நின்றது.

வானொலி எங்கள் படகின் பெயரைக் கூப்பிட்டது.

"நல்லா இருக்கோம்னு சொல்லு."

"உனக்கு எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது."

"தெரிஞ்சா என்ன? ரெண்டுக்கும் நடுவுல ஓட்டிட்டுப் போறேன்." பிறகு குரல் இறங்கியது. "இந்த வருஷமுமா, நெரிஸ்?"

அவன் கெஞ்சி நான் கேட்டதே இல்லை. நீரிணைக்குள் போய்விட்டால் ஒதுங்க ஒரு துறை கிடையாது. அவன் விழுந்தால் தூக்க நான் ஒருத்தி. பொத்தானை அழுத்தினேன்.

"ஒருத்தருக்குத் தலையில அடி. நாங்க திரும்புறோம்."

அவன் சுக்கானை என்னிடம் விட்டு நகர்ந்தான். படகைத் திருப்பும்போது முன்பாயின் கயிற்றை அவன்தான் தளர்த்த வேண்டும். தாமதித்தால் அலை எங்களைப் பக்கவாட்டில் புரட்டிவிடும். அவன் கை காற்றைப் பிடித்தது. மறுபடியும் காற்றைத்தான் பிடித்தது. அவனுக்குப் பின்னால் ஒரு அலை எழும்பி நின்றது.

"அலிஸ்டர்!" என்று அலறினேன்.

அவன் கண்களை இறுக மூடிக்கொண்டான். பழகிய கை நேராகப் போய்க் கயிற்றைப் பற்றியது.