நன்றாகத் தூங்குகிறார்

ஜலஜாவின் கை ஒடிந்தது மாடிப்படியின் குற்றம் என்று அவள் கணவன் மாதவ் போலீசில் சொன்னான். பதினாலு வருஷமாக அவள்மேல் மோதிவந்த சுவர், கதவு எல்லாம் போல அதுவும் பொல்லாத படி. வங்கி அதிகாரி சொன்னால் பொய்யிருக்குமா?

அவனை வீட்டிலிருந்து வெளியேற்றக் கேட்டு அவள் போட்ட வழக்கு நடந்தபோதும் அதே வீட்டில்தான் இருந்தாள், அங்கிருந்தே ஆபீசுக்கும் போய்வந்தாள். பிழைக்க வந்த வெளிமாநில நகரத்தில் வேறு போக்கிடமில்லை. மனப் பாதிப்பு உண்டா என்று பரிசோதிக்க நீதிமன்றம் அவளைத் தமிழ் தெரியாத ஒரு டாக்டரிடம் அனுப்பியது. அவர் பதினொரு நிமிடம் ஒதுக்கினார். அதில் நாலு நிமிடம் போன் பேசினார்.

தூக்கம்? வருகிறது. சாப்பாடு? சாப்பிடுகிறாள். அழுகை? இல்லை.

‘இஸ்திரி போட்ட புடவையில் வந்தார். நன்றாகத் தூங்குகிறார். பாதிப்பு இல்லை’ என்று எழுதினார். மாதவ் அந்த அறிக்கையை உறவினர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினான். மனைவியின் ஆரோக்கியத்தில் அவ்வளவு பெருமை.

"ஒரு சொட்டு அழுதிருக்கக் கூடாதா?" என்றாள் ஜலஜாவின் வக்கீல் லதா.

"அழுதா இன்னும் ரெண்டு அடி விழும். பழக்கம் விட்டுப்போச்சு."

லதா மறுபரிசோதனை கேட்டு வாங்கினாள். இம்முறை அதே நகரின் ஜாதவ்பூர் பகுதியிலிருந்து சத்யப்ரியா என்ற உளவியலாளர். மூன்று நாள் வரவழைத்துத் தமிழிலேயே பேசினாள்.

"நல்லா தூங்கறதா சொல்லியிருக்கீங்க. எங்க தூங்கறீங்க?"

இதை யாரும் கேட்டதில்லை.

"பாத்ரூம்ல. அங்கதான் உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கு."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா. கால் நீட்ட எடம் இருக்கு" என்றாள், வீட்டுத் தரகர் போல.

சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே அது விழுந்தது. மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். சத்யப்ரியா பேனாவை மூடிவைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"சோதித்தவரும் தமிழர், பெண்ணும் தமிழர். இது பாரபட்சம்" என்று நீதிமன்றத்தில் முழங்கினார் மாதவின் வக்கீல்.

"உங்கள் கட்சிக்காரரும் தமிழர்தானே?" என்று கேட்டார் நீதிபதி.

வக்கீல் காகிதக் கட்டைப் புரட்டினார்.

மாதவ் வீட்டை விட்டு வெளியேற உத்தரவானது. ஊரின் இன்னொரு மூலையில், டாலிகஞ்சில், அண்ணன் வீட்டில் இருக்கிறான். குடும்பத்தைக் கெடுத்தவள் என்று அண்ணி ஜலஜாவோடு பேசுவதில்லை. அது ஒரு லாபம்.

கையை ஒடித்ததற்கான தனி வழக்கு தன் கம்பீர நடையில் நடக்கிறது. அடுத்த வாய்தா ஏப்ரலில். அன்றைக்குக் கோர்ட்டுக்குப் போக ஜலஜா இப்போதே ஆபீசில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டாள்.