கோணல் சடை

என் மகள் கலைச்செல்விக்கு வயது இருபத்திரண்டு. புத்தி ஆறு வயதிலேயே நின்றுவிட்டது. அவளைப் போன்றவர்களுக்காகச் செம்பூரில் ஒரு பகல் மையம் இருக்கிறது. தாராவியிலிருந்து தினமும் நான்தான் கொண்டுபோய் விடுகிறேன்.

சஃப்ரீன் என்ற புது டீச்சர் வந்ததிலிருந்து, நான் இறுக்கிப் பின்னி அனுப்புகிற சடை சாயங்காலம் கோணல்மாணலாகத் திரும்பி வருகிறது. அவிழ்த்தது யார், எதற்கு? கலைக்குச் சொல்லத் தெரியாது. குளிப்பாட்டும்போது உடம்பில் காயம் தேடினேன். ஒன்றும் இல்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது. அந்தப் பெண்ணின் சர்டிஃபிகேட்டைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். ஒரு வருஷ டிரெய்னிங்காம். இருபத்திரண்டு வருஷமாக வளர்க்கிற எனக்கு எவன் சர்டிஃபிகேட் கொடுத்தான்?

நேற்று மதியமே போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கலை விரித்த தலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். எதிரே சஃப்ரீன் சும்மா உட்கார்ந்திருந்தாள், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு!

உள்ளே பாய்ந்தேன். "ஏட்டி, பிள்ள இந்தப் பாடு படுது, நீ கைய ஒளிச்சு வச்சுக்கிட்டு வேடிக்கை பாத்துட்டு இருக்கே?"

"வெளிய வச்சா கை தானா உதவப் போயிரும் அக்கா. டிரெய்னிங்ல மொதல்ல அதத்தான் சொல்லிக் குடுத்தாங்க. பாருங்க, பாதிச் சடைய அவளே பின்னிட்டா."

பார்த்தேன். கோணல்தான். ஆனால் மூன்று புரியும் ஒழுங்காக மாறி மாறி விழுந்திருந்தன.

அப்போதுதான் கலை என்னைக் கண்டாள். சிரித்தாள். பின்னிக்கொண்டிருந்த சடையை அப்படியே விட்டுவிட்டு, சீப்பை என் கையில் திணித்து, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.