ஐந்து பேர் வருவதற்குள்

"நீங்க நர்ஸா? எந்த ஹாஸ்பிட்டல்?" என்று ஆஸிபாவைக் கேட்காத ஆள் மான்மவுத் ஜங்ஷன் என்ற அந்த அமெரிக்க ஊரில் கிடையாது. ஹாஸ்பிட்டலில் இல்லை, அறிவுத்திறன் குறைபாடு உள்ள பெரியவர்கள் வந்துபோகும் பகல் மையத்தில் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவரின் முகம் மாறிவிடும். "ஓ, பார்த்துக்கிற வேலையா?" என்பார்கள். பார்த்துக்கொள்கிற வேலையாம்! வயிறு வலிக்கிறது என்று சொல்ல வார்த்தை இல்லாதவன் சுவரில் தலையை முட்டிக்கொள்ளும்போது, அது வெறி இல்லை வலிதான் என்று கண்டுபிடிப்பதற்குத் தனியாகப் படித்திருக்கிறாள் அவள். இதை விளக்கி விளக்கி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அன்றைக்கு மருத்துவமனையின் அவசரப் பிரிவிலும் அதே கதைதான். "நான் முஆத்தோட நர்ஸ்" என்றாள். மேசையில் இருந்த பெண், "நர்ஸுக்கு இங்கே என்ன பஞ்சம்?" என்பது போலப் பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டரில் எதையோ தேடி, அட, அப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறதே என்று அவளே ஆச்சரியப்பட்டு, உள்ளே விட்டாள்.

அந்த ஏற்பாட்டுக்காக மையத்தின் மேலாளர் ஷ்ரேயா இரண்டு வருடம் மல்லுக்கு நின்றிருந்தாள். மையத்து ஆள் யார் இங்கே வந்தாலும், அவரை அறிந்த நர்ஸ் ஒருத்தி பக்கத்திலேயே இருந்து டாக்டரோடு கலந்து பேசலாம். சும்மா ஒரு சோதனைக்குத்தான். நல்லபடியாக நடந்தால் இன்னும் இரண்டு நர்ஸ்களை எடுப்பார்கள், பயிற்சிக்கு மாணவிகளை அனுப்புவார்கள். முதல் தடவையே சொதப்பினால் ஷ்ரேயாவாலும் காப்பாற்ற முடியாது. அந்த முதல் தடவை இதுதான்.

முஆத்துக்கு இருபத்து நான்கு வயது. ஆறடி உயரம், பேச்சு மட்டும் நாலு வயதுப் பிள்ளையுடையது. சின்ன வயதிலிருந்து வலிப்பு உண்டு; காலையும் மாலையும் மாத்திரை போடுவதால் பல வருடங்களாக அது தலைகாட்டவில்லை. ஆனால் இந்த வாரம் திடீர் திடீரென்று வெறித்துப் பார்த்தான். பக்கத்தில் இருந்தவர்களைத் தள்ளினான். இன்று காலை மையத்தில் கீழே விழுந்து, தூக்க வந்தவரை அடித்துவிட்டான். இப்போது கட்டிலின் மூலையில் ஒண்டிக்கொண்டு, ஒரு கையால் வாயைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தான்.

அவனுடைய உம்மா பர்வின் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆஸிபாவும் அவளும் ஒரே பக்கத்து ஊர்க்காரர்கள். அக்காவை லாத்தா என்று கூப்பிடும் பக்கம்.

"லாத்தா, தண்ணி ஏதாவது குடிச்சானா?"

"எங்கே குடிக்கிறான்! கிட்ட கொண்டுபோனாலே தட்டி விடறான். பயத்துல இருக்கான்மா."

ரமலான் பாதி தாண்டியிருந்தது. ஆஸிபாவுக்கும் நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அது நோன்பினாலா, பதற்றத்தினாலா என்று அவளுக்கே தெரியவில்லை.

டாக்டர் பத்மநாபன் உள்ளே வந்தார். கோயம்புத்தூர்க்காரர், நிதானமானவர். தமிழிலேயே பேசினார்.

"பிஹேவியர் ப்ராப்ளம் மாதிரி தெரியுதுங்க."

"இல்ல டாக்டர், இது ஃபிட்ஸ். முதல்ல வெறிச்சுப் பார்க்கிறான், அப்புறம்தான் கை ஓங்கறான். தெளிஞ்சதும் யாரை அடிச்சோம்னுகூட அவனுக்கு ஞாபகம் இல்ல."

"இருக்கலாம். ஆனா டேப்லெட்தான் கரெக்டா போடறார்ங்கறீங்களே? அப்புறம் ஏன் ஃபிட்ஸ் வருது?"

அது நியாயமான கேள்வி. ஆஸிபா பர்வினைப் பார்த்தாள்.

"நானே என் கையால வாயில போடறேன் டாக்டர்," என்றாள் பர்வின்.

"எதுவா இருந்தாலும் பிளட் எடுக்கணும், ஊசி போடணும். கையைத் தொட விடமாட்டேங்கறார். செக்யூரிட்டி ஆளுங்களைக் கூப்பிட்டிருக்கேன். அஞ்சு பேர் பிடிச்சாத்தான் முடியும். எனக்கும் இஷ்டம் இல்லைங்க, வேற வழி தெரியல." அவர் பக்கத்து அறைக்குப் போனார்.

ஐந்து பேர் பிடிப்பது என்றால் என்னவென்று பர்வின் பார்த்திருக்கிறாள். சில வருடங்களுக்கு முன், வேறோர் ஊரில், வேறொரு மருத்துவமனையில் முஆத்தைக் குப்புறப் போட்டு அமுக்கினார்கள். தோள்பட்டை இறங்கிவிட்டது. அதுகூடப் பெரிதில்லை. அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு வருடம் அவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை, உம்மா என்றுகூடக் கூப்பிடவில்லை.

"ஆஸிபா, மறுபடியும் என் புள்ள பேசாம போயிடுவான்மா. ஏதாவது பண்ணு."

ஏதாவது பண்ணு! என்னத்தைப் பண்ணுவது? ஆஸிபா ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். மாத்திரை மாறவில்லை, அளவு மாறவில்லை, காய்ச்சல் இல்லை, காது வலியா என்று பார்த்தாயிற்று, பல்லும் பார்த்தாயிற்று. கதவுக்கு வெளியே ஷூ சத்தம் கேட்கும்போதெல்லாம் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"லாத்தா, வீட்ல இந்த வாரம் என்ன மாறிச்சு? எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

"என்ன மாறிச்சு... ஒண்ணும் இல்லையே. சந்தோஷமாத்தான் இருந்தான். விடியறதுக்கு முன்னாடி சஹருக்கு அவனே எழுந்து வந்து அத்தா பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடறான். மதியம் வரைக்கும் அரை நோன்பு. சின்னப் புள்ளைங்க பிடிக்குமே, அந்த மாதிரி. மதியம் உங்க சென்டர்ல சாப்பிட்டுடறான்ல, அதான் போகட்டும்னு விட்டேன். நேத்து ராத்திரி 'டுமாரோ ஃபுல்'னு சொன்னான், நான் சிரிச்சுட்டேன். எல்லாம் நீ கிளப்பி விட்டதுதானே!"

"நானா?"

"எங்க வீட்டுக்கு நோன்பு திறக்க வந்தப்ப நீதானே சொன்ன, 'மாஷா அல்லாஹ், முஆத்தும் நோன்பா! பெரிய ஆம்பள ஆயிட்டானே'ன்னு? எல்லாரும் கைதட்டினாங்க. அன்னையிலேர்ந்து அதையே சொல்லிட்டுத் திரியறான்."

ஆஸிபாவுக்கு நினைவு வந்தது. சொன்னாள்தான். கஞ்சிக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டே, அங்கிருந்த பொடிசுகளிடம் எல்லாம் கேட்டது போல அவனிடமும் கேட்டாள். நம்மவர்கள் ரமலானில் எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் கேட்பதுதானே? பிள்ளைகள் நெஞ்சை நிமிர்த்தும், பெரியவர்கள் சிரிப்பார்கள், அதோடு முடிந்தது. முஆத்துக்கு அது அதோடு முடியவில்லை.

"காலையில டேப்லெட் போட்டுட்டுத் தண்ணி குடுப்பீங்களே, உங்க முன்னாடியே குடிப்பானா?"

பர்வின் யோசித்தாள். "கிளாஸை வாங்கிட்டு பாத்ரூமுக்குப் போவான்..."

ஆஸிபா கட்டிலுக்கு முன்னால் மண்டியிட்டாள். "முஆத், இன்னைக்கு நோன்பா?"

வாயைப் பொத்தியிருந்த கை இறங்கியது. அன்று முழுவதும் முதல் தடவையாக அவன் சிரித்தான். "ஃபுல்," என்றான். "மார்னிங் டேப்லெட், ஸ்பிட். பிக் மேன்."

படுபாவி, எவ்வளவு பெருமை அந்த முகத்தில்!

"என் மேலதான் எழுதுவாங்க," என்று பர்வின் கிசுகிசுத்தாள். "தாய் மாத்திரை குடுக்கலன்னு எழுதி, புள்ளைய என்கிட்டயிருந்து பிரிச்சுட்டா?"

ஒரு நொடி, ஒரே நொடிதான், ஆஸிபா சும்மா இருந்துவிடலாமா என்று நினைத்தாள். மாத்திரை தவறிவிட்டது என்று மட்டும் சொன்னால் போதும், யாரும் ஏன் என்று துருவப் போவதில்லை. ஷ்ரேயாவின் இரண்டு வருடப் பாடு, வரப்போகிற அந்த இரண்டு நர்ஸ்கள், தன்னுடைய வேலை எல்லாம் அவள் கண்முன் வந்து நின்றன. பிறகு தன்மேலேயே எரிச்சல் பொங்கியது. எழுந்து போய் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"ஒரு வாரமா நோன்பு இருக்கான் டாக்டர், காலை டோஸைத் துப்பியிருக்கான். அம்மா மேல தப்பில்ல. நான்தான் அவனை நோன்பு பிடிக்கிற பெரிய ஆளுன்னு புகழ்ந்தேன். நான் அவனோட நர்ஸ், நான் சொன்னா அவன் அப்படியே எடுத்துப்பான்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். இதை அப்படியே எழுதிக்குங்க. எங்க மேனேஜர்கிட்டயும் நானே சொல்லிடறேன்."

பத்மநாபன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. "எழுதிக்கறேன். இப்ப வாயால மாத்திரை போட்டுட்டார்னா ஊசி வேண்டாம். பிளட்டும் அப்புறம் பார்த்துக்கலாம். ஆனா போடணுமே?"

அங்கிருந்த நர்ஸ் ஒருத்தி மாத்திரையும் தண்ணீரும் கொண்டு வந்தாள். முஆத் வாயை இறுக்கிப் பூட்டிக்கொண்டான். ஜன்னலைக் காட்டினான். வெளியே நல்ல வெயில், நோன்பு திறக்க இன்னும் நேரம் இருந்தது.

"உடம்பு சரியில்லாதவங்களுக்கு நோன்பு கிடையாதுடா, அல்லாஹ்வே சொல்லியிருக்கான்," என்றாள் பர்வின்.

"ஐ ஆம் நாட் சிக்."

"முஆத், ஆண்ட்டி சொல்றேன்ல..." என்றாள் ஆஸிபா.

"நாட் சிக்!" என்று கத்திவிட்டு மறுபடியும் மூலையில் ஒண்டினான்.

கதவு திறந்தது. நீலக் கையுறை மாட்டிய ஐந்து பேர் உள்ளே வந்தார்கள். பாவம், கெட்டவர்கள் இல்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் ஐந்து பேர் ஐந்து பேர்தான். முஆத்துக்கு மூச்சு வேகமாயிற்று. பர்வின் இரண்டு கைகளையும் விரித்து, அவனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஒரு நிமிஷம்," என்றாள் ஆஸிபா.

தண்ணீர்க் கோப்பையை எடுத்தாள். மார்க்கமே விலக்குக் கொடுத்த நாட்கள் தவிர, விவரம் தெரிந்த நாளாக அவள் சும்மா ஒரு நோன்பை விட்டதில்லை. பிஸ்மில்லாஹ் என்று சொல்லிவிட்டு, முஆத்தின் கண்ணெதிரே மடக்கென்று குடித்தாள்.

"ஆஸிபா!" என்றாள் பர்வின்.

முஆத் பதறிப்போய் முன்னால் நகர்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "ஆண்ட்டி, நோ! நோன்பு!" பிறகு அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். "யூ சிக்?"

"ஆமாடா தங்கம். ஆண்ட்டிக்கு உடம்பு சரியில்ல. கை எப்படி நடுங்குது பாரு."

பொய் இல்லை, கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அவன் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தான். ஐந்து பேரும் வாசலிலேயே நின்றார்கள். டாக்டரும் நின்றார்.

"ஓகே," என்றான் முஆத் கடைசியில், மெல்லிய குரலில். "மீ ஆல்சோ சிக். லிட்டில் பிட்."

வாயைத் திறந்தான். ஆஸிபா நாக்கில் மாத்திரையை வைத்தாள். கோப்பையை அவனே வாங்கி இரண்டு மிடறு விழுங்கி, விழுங்கிவிட்டேன் என்று வாயை அகலத் திறந்து காட்டினான். மீதித் தண்ணீரை அவளிடமே நீட்டினான்.

"ஃபினிஷ் பண்ணு ஆண்ட்டி. யூ ஆர் மோர் சிக்."

ஆஸிபா அதை வாங்கிக் குடித்தாள்.