ஞானபாய் வீட்டு நாற்காலிகள்

பாறசாலையில் வாடகை நாற்காலிகள் முதன்முதலாகத் தரையைவிட்டு ஒரு சாண் எழும்பியது ஞானபாயின் சாவுக்கு வந்தவர்களோடுதான். ஞானபாய் அப்போது உயிரோடு இருந்தார். வந்தவர்களுக்குக் கட்டன்சாயா ஊற்றிக்கொண்டிருந்தார்.

தப்பு பிளெக்ஸ் போர்டினுடையது. கடைசிக்காலப் பராமரிப்பை ஆராய்கிற குழு ஒன்று, நாற்பது கேள்விகள் கொண்ட படிவத்தோடு ஒரு வருடம் வீடுவீடாக ஏறி இறங்கியது. சாவு என்றதும் சனங்கள் நாயை அவிழ்த்துவிட்டார்கள். குழுவின் வடிவமைப்பாளர் சுமி படிவத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு, 'கடைசி நாளில் உங்களுக்கு என்ன வேணும்?' என்று ஒரு போர்டு செய்தாள். அதில் போடச் சிரித்த முகத்தோடு படம் தர முன்வந்தவர் ரயில்வே கேட் கீப்பராக இருந்து ஓய்வுபெற்ற ஞானபாய். அவருக்கு ஈரலில் புற்று. மகன் சிபின் அதை மறைத்து, திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குச் சொல்லிவைத்திருந்தான். அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியாது. தன் வீட்டிலேயே கிடந்து சாக வேண்டும் என்பது ஞானபாயின் ஆசை. சொல்ல வாயெடுத்தாலே சிபின் எழுந்து போய்விடுவான்.

இந்தப் பக்கம் நாற்சந்தியில் வைத்த போர்டில் ஒருவர் சிரித்தால் அவர் போய்ச்சேர்ந்தார் என்று பொருள். எழுத்தை யார் வாசிக்கிறார்கள்? போர்டு வைத்த அன்று காலை ஒன்பது மணிக்குள் தார்ப்பாயும் எண்பது நாற்காலியும் முற்றத்தில் இறங்கின. பெருங்கடவிளையிலிருந்து பால்காரன் சோமன் மலர்வளையத்தோடு வந்தான்.

"வந்தது வந்தாச்சு, இரிங்க மக்கா," என்றார் ஞானபாய். "உங்களுக்கு எப்பிடி சாவணும்ணாக்கும் ஆசை? உள்ளதைச் சொல்லணும்."

சோமன் பெருமைக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னான். நாற்காலி அசையவில்லை. "எனக்க பசுவுக்க சத்தம் கேட்டிட்டு கெடக்கணும்," என்றான் பிறகு. நாற்காலி ஒரு சாண் எழும்பியது; அவன் நழுவிய வேட்டியைப் பிடித்துக்கொண்டான். தான் சாகக் கிடக்கும்போது மருமகள் மட்டும் பாட்டுப் பாடக்கூடாது என்ற பக்கத்து வீட்டு விஜயம்மாவும் எழும்பினார். மதியத்துக்குள் அறுபது பேர் அந்தரத்தில் சாயா குடித்தார்கள். விஷயம் கேட்டு வந்த சுமிக்கு எல்லார் பதிலையும் எழுதிக் கை வலித்தது.

சிபின் ஓடிவந்து தலையில் அடித்துக்கொண்டு ஒரு நாற்காலியில் விழுந்தான். ஞானபாய் எதிரே உட்கார்ந்தார்.

"இருபத்தெட்டு வருஷம் ரெயில்வே கேட்டு அடச்சவளாக்கும் நான். வாற வண்டியை ஒருநாளும் மறிச்சதில்ல. எனக்கு எனக்க கட்டில் போதும் மக்கா, பக்கத்துல நீயும்."

அவர் நாற்காலி எழும்பியது. சிபின் அண்ணாந்து பார்த்தான். "எனக்குப் பேடியாட்டு இருக்கும்மா," என்று பயத்தை ஒத்துக்கொண்டு அழுதான். அவனும் அவர் உயரத்துக்கு வந்துசேர்ந்தான். அங்கிருந்தபடியே போன் போட்டு ஆஸ்பத்திரிக் கட்டில் வேண்டாம் என்றான்.

கடைசிப் பதினேழு நாளும் ஞானபாயின் கட்டில் ஒரு சாண் உயரத்திலேயே நின்றது. குனிய வேண்டியதில்லை, நடு இடுப்புக்கு நல்லது என்றாள் ஊசி போட வந்த நர்ஸ் ஜிஜா. அவர் போன அன்று சிபின் பழைய போர்டிலேயே தேதியை மட்டும் ஒட்டினான். அதே நாற்காலிகள் வந்து இறங்கின. சோமன் இம்முறை வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.