சித்தி ஜுனைதா காதில் நாலு இடம்

சித்தி ஜுனைதா டீச்சருக்கு ஐம்பத்துமூன்று வயதில் காது மந்தமானது. பெரியபட்டினத்தில் பெண்கள் பள்ளியில் அவர் கணக்கு டீச்சர். பிள்ளைகள் "பத்து" என்று சரியாகச் சொன்ன விடை அவர் காதில் "எட்டு" என்று விழ, ஒரு வகுப்பு முழுவதும் அதே கணக்கை மூன்று தடவை போட்டது. அதன்பிறகுதான் மதுரைக்குப் போய் இரண்டு காதுக்கும் மிஷின் வாங்கினார்.

அங்கே சத்தம் புகாத அறையில் எல்லாம் தெளிவாகக் கேட்டது. ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் தெற்கேயிருந்து வீசும் சோழகக் காற்று இரண்டு மிஷினுக்குள்ளும் புகுந்து லாரி ஓட்டியது. மறுபடி மதுரைக்குப் போனார், சரியானது. திரும்பி வந்தார், லாரி ஓடியது. மூன்றாம் தடவை போய்வந்த களைப்பில் கணவர் நெய்னா முகம்மதுவிடம் சொன்னார்:

"காத்தை மதுரைக்குக் கூட்டிட்டுப் போக முடியாதுங்க. மிஷினைத்தான் இங்கன வச்சுத் திருத்தணும்."

சொன்னவர் செய்தும் விட்டார். தங்கள் மிஷினைத் தாங்களே திருத்திக்கொள்பவர்கள் இணையத்தில் கூடிப் பேசும் இடம் ஒன்று அகப்பட்டது. அவர்கள் சொன்னபடி லேப்டாப்பில் மென்பொருளை ஏற்றி, லேப்டாப்பையும் மிஷினையும் இணைக்கும் சின்னப் பெட்டி ஒன்றை வரவழைத்தார். மதுரையில் கொடுத்த பரிசோதனைப் படத்தைப் பிரித்துப் பார்த்ததும் இருந்த பயமும் போனது. அது வெறும் வரைபடம். இருபத்தைந்து வருஷமாகப் பத்தாம் வகுப்புக்கு நடத்துகிற பாடம்.

கூர்மையான ஒலிகளை ஏற்றினார், மிஷின் விசிலடித்தது. இறக்கினார். நெய்னா முகம்மதுவை அடுப்படியில் நிற்கவைத்துப் பேப்பர் வாசிக்கச் சொல்லி, கூடத்தில் உட்கார்ந்து எந்தச் சொல் விழுகிறது, எது விழவில்லை என்று குறித்தார். 'அளவுக்கு மேல் ஏற்றினால் மிச்சக் காதும் போகும்' என்று சிவப்பு மையில் எழுதி லேப்டாப்பில் ஒட்டினார். உப்புக்காற்றின் ஈரம் மிஷினுக்குள் தங்காமலிருக்க, ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட டப்பாவில் தினமும் வைத்து எடுத்தார். ஒரே மாதத்தில் கடைசி பெஞ்சின் முணுமுணுப்பு வரை கேட்டது.

மிஷினில் நாலு ப்ரோகிராமுக்கு இடமிருந்தது. பட்டனை அமுக்க அமுக்க ஒன்றிலிருந்து அடுத்ததுக்குப் போகும். ஒன்று வீட்டுக்கு, இரண்டு வகுப்புக்கு, மூன்று காற்றுக்கு. நாலாவது சும்மா கிடந்தது. தங்கை சாலிஹாவின் குரல் நூல் மாதிரி சன்னம். அதற்கென்று நாலாவதைத் திருத்தி வைத்தார். அதோடு விட்டிருக்கலாம். அதைச் சாலிஹாவிடமே சொன்னார்.

சாலிஹா ஒரு கல்யாண வீட்டில் சொன்னாள். மறுநாள் காலையில் தம்பி காஜா நவாஸ் வந்து நின்றான். படகுகளுக்கு ஐஸ் போடுகிறவன், ஐஸ் லாரியோடேயே வந்திருந்தான்.

"லாத்தா, ஒங்க காதுல சாலிஹாவுக்கு எடம் இருக்காம்ல?"

"எடமெல்லாம் இல்லடா. அவ குரலுக்கு ஒரு செட்டிங்."

"அப்ப எனக்கு?"

"ஒனக்கு ஒண்ணாம் நம்பரே போதும்."

"அது பொது நம்பர்ல? பால்காரருக்கும் அதே, கூடப் பொறந்த எனக்கும் அதேயா? சரி, மூணு யாருக்கு?"

"காத்துக்கு."

காஜா நவாஸின் முகம் கறுத்துவிட்டது. "காத்து ஒங்களுக்குக் கிட்டத்துச் சொந்தம். நான் தூரம். இருக்கட்டும்."

ஜுனைதா சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அக்காவிடம் நேராகப் பேசுவதை நிறுத்தி, பக்கத்தில் அவர் நிற்கும்போதே "லாத்தாட்ட சொல்லுங்க" என்று அடுத்தவரிடம் சொன்னான். அவன் பேச்சை நிறுத்தியதும் மற்றவர்களுக்குப் பேச்சு வந்துவிட்டது. தலைமையாசிரியை கோகிலா, வகுப்புக்கு ஒரு நம்பர் இருக்கும்போது நிர்வாகத்துக்கு ஏன் இல்லை என்று கேட்டார். திருப்புல்லாணி ஆட்டோக்காரர் பாண்டித்துரை, "எட்டு வருசமா ஒங்கள ஏத்திட்டுப் போறேன் டீச்சர்" என்று மட்டும் சொல்லிக் கண்ணாடியைத் துடைத்தார். சமாதானம் பேச ஜமாஅத்திலிருந்து இரண்டு பெரியவர்கள் வந்தார்கள். நாலாம் நம்பரை முறைவைத்து ஆளுக்கொரு வாரம் விடலாம் என்றார்கள். எழுந்து போகும்போது ஒருவர் குரலைத் தாழ்த்தி, வெள்ளிக்கிழமையை ஜமாஅத்துக்கு ஒதுக்க முடியுமா என்று விசாரித்தார்.

ஜுனைதாவுக்குத் தம்பியின் மௌனம் தாங்கவில்லை. காற்றை எடுத்துவிட்டு மூன்றாவதை அவனுக்கே கொடுத்தார். குரல் அளக்க அவன் குளித்து, அத்தர் பூசி, சாட்சிக்கு இரண்டு பேரோடு வந்து, ஐஸ் விலை தவிர வேறெதுவும் பேசத் தெரியாமல் கால்மணி நேரம் ஐஸ் விலையே பேசினான்.

அடுத்த வாரம் கடற்கரையில் அவன் புதுப் படகு இறக்கும் நாள். எல்லாரும் கூடியிருந்தார்கள். காஜா நவாஸ் கடலைப் பார்த்தபடி நீளமாக ஏதோ கேட்டான். ஜுனைதா மூன்றாம் நம்பரை அமுக்கினார். தடுப்பு இல்லாத காற்று முழுசாக உள்ளே வந்தது. படகைப் பற்றித்தான் இருக்கும் என்று தலையை ஆட்டினார். கூட்டம் "ஆமீன்" என்றது.

"என்னங்க கேட்டான்?" என்று வீட்டுக்கு வந்து விசாரித்தார்.

"அவனுக்குப் பின்னால மூணாம் நம்பர் அவன் மகனுக்குச் சேரணுமாம்," என்றார் நெய்னா முகம்மது. "நீயும் சரின்னுட்ட."

ஜுனைதா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். மிஷின் போட்ட நாளிலிருந்து அவர் எல்லாரிடமும் கேட்டது ஒன்றுதான்: மூஞ்சியப் பாத்து, மெதுவா, ஒருத்தர் ஒருத்தராப் பேசுங்க. ஒருவரும் செய்யவில்லை. "அதுல என்ன மருவாதி இருக்கு லாத்தா? அத யாருக்கு வேணாலும் செய்யலாம்ல" என்று சாலிஹாவே சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை முதல் வேலையாகக் காற்றை மூன்றாம் இடத்தில் திரும்ப வைத்தார். பிறகு சார்ட் பேப்பரை வெட்டி முப்பது அட்டை செய்து, ஒன்றிலிருந்து முப்பது வரை எண் போட்டார். பின்பக்கம் எழுதினார்: 'என் முகத்தைப் பார்க்கவும். நம்பரைச் சொல்லிவிட்டு மெதுவாகப் பேசவும். இன்னொருவர் பேசும்போது பேசக்கூடாது. விதி தவறினால் நம்பர் வேலை செய்யாது.' மிஷினுக்குள் முப்பது இடம் இருக்கிறது என்று அவர் எங்கேயும் எழுதவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை.

ஒன்றாம் அட்டையைத் தம்பிக்குக் கொடுத்தார். அவன் அதைச் சட்டைப் பையில் வைத்தபோது கண் கலங்கியிருந்தது. கோகிலா தன் அட்டையை லேமினேஷன் செய்துகொண்டார். பாண்டித்துரை பாதி வழியில் ஆட்டோவை ஓரங்கட்டி, இஞ்சினை அணைத்து, முழுசாகத் திரும்பி உட்கார்ந்து சொன்னார்:

"டீச்சர், பதினாலு பேசுறேன். இன்னைக்கு வெயில் சாஸ்தி."

அதைச் சொல்லிவிட்டுத் திரும்ப ஓட்டினார். சாலிஹா வீட்டு விருந்தில் பதினொரு பேர், ஒருவர் முடிக்கும்வரை அடுத்தவர் வாயைத் திறக்காமல் காத்திருந்து பேசினார்கள். அந்தக் குடும்பத்தில் அப்படி ஒரு விருந்து அதுவரை நடந்ததில்லை.

நெய்னா முகம்மதுதான் வாடிப்போனார்.

"ஊருக்கெல்லாம் குடுத்த. எனக்கு?"

"ஒங்களுக்கு எதுக்குங்க? நீங்க பேசுனா முத்துப்பேட்டைக்கே கேக்குமே."

மூன்று நாள் அவர் சுவரைப் பார்த்துக் கிசுகிசுத்தார். ஜுனைதாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மிளகு கேட்டவருக்கு விளக்கைக் கொண்டுவந்து கொடுத்தார். கடைசியில் ஜுனைதா தோற்றுப்போய் வெற்று அட்டை ஒன்றை நீட்டி, பிடித்த நம்பரை எழுதிக்கொள்ளச் சொன்னார். நெய்னா முகம்மது பிஸ்மில்லா சொல்லி எழுநூற்று எண்பத்தாறு என்று எழுதினார்.

மறுநாள் விடிந்ததும் வாசலில் காஜா நவாஸ். பிஸ்மில்லாவைக் குறிக்கும் அதுதான் பரக்கத்தான, நல்லது கொண்டுவரும் நம்பர் என்பது ஊருக்கே தெரியும்; வண்டிக்கு அந்த நம்பர் வாங்க அவன் நாயாய் அலைந்திருக்கிறான். அக்காவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினான்.

"லாத்தா, ஒண்ணு பேசுறேன்," என்று ஆரம்பித்து, அவர் முகத்தையே பார்த்தபடி, மெதுவாக, நிறுத்தி நிறுத்தி, முழுசாக அரைமணி நேரம் சண்டை போட்டான். ஜுனைதாவுக்கு ஒரு எழுத்துக்கூட விடாமல் கேட்டது.