வேலை பார்க்க அனுமதி இல்லாத டைலர்

டைலருக்குச் சும்மா இருந்து பழக்கமே கிடையாது. ஊரில் கடைத்தெருவில் சொந்தக் கடை. கல்யாண சீசன் வந்துவிட்டால் டீ குடிக்கக்கூட மிஷினை விட்டு எழுந்திருக்க மாட்டார். அப்படிப்பட்டவர், மனைவிக்கு வெளிநாட்டில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்ததும் கடையை அக்கா மகனிடம் ஒப்படைத்துவிட்டு அவளோடு கிளம்பிவிட்டார். "படிக்கப் போறது உன் பொண்டாட்டி. நீ எதுக்குப்பா போற?" என்று கேட்டவர்களிடம், "அவ படிக்கிறத யாராவது பார்க்க வேண்டாமா?" என்று சிரித்தார்.

மனைவி பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் எடுத்தவள். இப்போது குடிநீர் சுத்திகரிப்பில் பட்டம் வாங்க வந்திருக்கிறாள். வீட்டில்கூட அவளை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்.

விசா கைக்கு வந்த அன்றே டீச்சர் ஒரு வரி விடாமல் படித்துவிட்டாள்.

"என்னங்க, கேட்டுக்கோங்க. நான் வகுப்புக்கு மட்டம் போடக் கூடாது. வீடு மாறினா உடனே தெரியப்படுத்தணும். பகுதி நேர வேலை பார்க்கலாம், ஆனா அளவு தாண்டக் கூடாது. நீங்க..."

"நான்?"

"என்கூட இருக்கலாம். வேலை மட்டும் பார்க்கக் கூடாது."

"சமையல்?"

"அது வேலைல சேராதாம்."

"இத எழுதினவன் அடுப்பங்கரை பக்கமே போனதில்ல போல" என்றார் டைலர்.

மூன்றாவது மாடியில் ஒரு அறை, ஒட்டினாற்போல் ஒரு சமையல் மேடை. டீச்சர் காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். சமைத்து, துவைத்து, பெருக்கி முடித்த பிறகும் பகல் மலைபோலக் கிடந்தது. டைலர் ஜன்னல் திரையைப் பிரித்து மறுபடி தைத்தார். தலையணை உறைகளுக்கு பார்டர் வைத்தார். அதற்குப் பிறகு தைக்க வீட்டில் துணியே இல்லை.

ஒருநாள் குப்பைத்தொட்டி ஓரம் யாரோ கழித்துப் போட்டிருந்த தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெல்ட் அறுந்திருந்தது, பாபின் கேஸ் துருப்பிடித்திருந்தது. எண்ணெய் விட்டு, பெல்ட் மாற்றி ஓடவிட்டதும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

கீழ்வீட்டில் ஒரு பெண் பஸ் டிரைவர் இருந்தாள். டியூட்டிக்குக் கிளம்பும் நேரத்தில் பேண்ட் ஜிப் பிய்ந்துபோய் படிக்கட்டில் கையைப் பிசைந்துகொண்டு நின்றவளை டைலர் பார்த்தார். மேலே கூப்பிட்டு, ஒரு டம்ளர் காபி குடிக்கும் நேரத்தில் புது ஜிப் வைத்துக் கொடுத்துவிட்டார். அவள் காசை நீட்டியதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அந்த ஊர் மொழியில் அவருக்குத் தெரிந்ததே நாலு வார்த்தை. "காசு வேண்டாம். விசா" என்றார்.

அவ்வளவுதான். அந்தக் கட்டிடம் முழுக்க அவருக்கு 'காசு வேண்டாம்' என்றே பெயர் விழுந்துவிட்டது. "காசு வேண்டாம் இருக்காரா?" என்று கதவைத் தட்டுவார்கள். ஒருத்தருக்குக் கோட் லைனிங், இன்னொருத்தருக்குப் பள்ளிப் பையின் வார்.

டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களுக்கான அலுவலகத்தில் போய் விசாரித்துவிட்டு வந்தாள். "அக்கம்பக்கத்துக்கு உதவியா செஞ்சா தப்பில்லையாம். ஆனா ஒரு கடைல போய் உட்கார்ந்தா, காசு வாங்காட்டியும் தப்புதானாம்."

அந்தப் பேச்சு நடந்து கொஞ்ச நாளில் கடைக்கார அக்கா படியேறி வந்தாள். அவளும் தமிழ்க்காரிதான்; தெருமுனையில் துணி சரிசெய்து கொடுக்கும் கடை வைத்திருப்பவள். டிரைவரின் பேண்டில் போட்டிருந்த தையலைப் பார்த்துவிட்டு, "கடைய ஒரு நடை பார்த்துட்டுப் போங்க தம்பி" என்று அழைத்துப்போனாள். கல்யாண கவுன்கள் தொங்கின. சுவர் நிறைய நூல்கண்டுகள். துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷின் புத்தம் புதுசாக மின்னியது. டைலருக்கு விரல் துடித்தது.

"பின்பக்க ரூம்ல உட்கார்ந்து தைங்க. ஈ காக்காக்குத் தெரியாது. நல்ல சம்பளம் தர்றேன்."

டைலர் அந்த மிஷினை ஒருமுறை தடவிப் பார்த்தார். "வேண்டாம் அக்கா. மாட்டினா எனக்கென்ன, ஊர்ல கடை இருக்கு, போயிடுவேன். அவ படிப்பு பாதில அறுந்து போகும். அத என்னால தைச்சு ஒட்ட முடியாது."

"பொழைக்கத் தெரியாத மனுஷன்!" அக்காவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. அதற்குப் பிறகு தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

டீச்சர் கடைசிப் பருவத்தில் இருந்தபோது குடியேற்ற அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. மூன்றாவது மாடியில் அனுமதியில்லாமல் தையல் கடை நடப்பதாக யாரோ புகார் கொடுத்திருந்தார்கள். டீச்சர் அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

"அந்தக் கடைக்கார அக்கா வேலையா இருக்குமோ?"

"யாராயிருந்தா என்ன? நடந்தத நடந்தபடி சொல்லுவோம்" என்றார் டைலர். சொல்லிவிட்டாரே தவிர, சாப்பாடு இறங்கவில்லை. கீழ்வீட்டு டிரைவர் விஷயத்தைக் கேட்டதும் விறுவிறுவென்று வெளியே போனாள்.

அலுவலகத்தில் ஒரு பெண் அதிகாரி. சிரிக்கவும் இல்லை, கடுகடுக்கவும் இல்லை. "எத்தனை பேருக்குத் தைச்சீங்க?" என்று டைலரைக் கேட்டதும் டீச்சர் வாயெடுத்தாள்.

"அவரே சொல்லட்டும்" என்று அதிகாரி தடுத்தாள்.

டீச்சரின் முகம் சுண்டிப்போனது. டைலர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அரைகுறை மொழியில், விட்ட இடத்தைக் கையால் நிரப்பிக்கொண்டு சொன்னார்.

"நான் டைலர். இங்க வேலை கிடையாது. சட்டம் தெரியும். பக்கத்து வீடு, கிழிசல், தைச்சேன். காசு வேண்டாம்னு சொன்னேன். என் மனைவி படிக்கிறா. நல்லா படிக்கிறா. நான் அவளுக்குச் சமைக்கிறேன்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரலில் கூச்சமே இல்லை. தன் கடைப் பெயரைச் சொல்வதுபோல் சொன்னார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கதவு தட்டப்பட்டது. யூனிஃபார்மோடு டிரைவர் நின்றாள். அவளுக்குப் பின்னால் கடைக்கார அக்கா!

"இவர் காசு வாங்கறதா இருந்தா முதல்ல என்கிட்ட வாங்கியிருக்கணும். நான் பாக்கெட்ல திணிச்சும் திருப்பிக் கொடுத்துட்டார்" என்றாள் டிரைவர்.

அக்கா ஒரு அடி முன்னால் வந்தாள். "நான்தான் இவரை என் கடைக்குக் கூப்பிட்டேன். ரகசியமா தைக்கச் சொன்னேன். முடியாதுன்னுட்டார். எனக்கு இவர் மேல இன்னும் கோபம்தான்."

"அப்படிக் கூப்பிட்டதும் தப்புன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். அதனாலதான் வர்றதுக்கு இவ்வளவு யோசிச்சேன்."

அதிகாரி பேனாவை மூடிவைத்தாள். அக்காவைப் பார்த்து, இனி ஒருமுறை இப்படி நடந்தால் கடைக்கே ஆபத்து என்று எச்சரித்தாள். பிறகு டீச்சர் பக்கம் திரும்பினாள். "விதிமீறல் எதுவும் இல்ல. நீங்க படிப்பைப் பாருங்க."

புகார் கொடுத்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. வெளியே வந்ததும் டைலர் அக்காவைப் பார்த்துக் கைகூப்பினார். "உங்களப் போய்த் தப்பா நினைச்சுட்டோம்."

"நானும் உங்கள ஏமாளின்னு நினைச்சேன். கணக்கு சரியாப் போச்சு, விடுங்க" என்றாள் அக்கா.

டீச்சர் வகுப்பில் முதலாவதாகத் தேறினாள். நகரத்துக் குடிநீர் நிலையத்தில் வேலையும் கிடைத்தது. அதற்கான புது விசாவில் டைலரும் வேலை பார்க்கலாம் என்று இருந்தது. அக்கா பின்பக்க ரூமில் அல்ல, கடையின் முன்வாசலில், கண்ணாடிக்குப் பக்கத்தில் அவருக்கு மிஷின் போட்டுவைத்தாள்.

பட்டமளிப்பு விழா அன்று டைலர் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு அரங்கில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து இருக்கைக்காரர் பேச்சுக் கொடுத்தார். "உங்க மகளா, மகனா?"

"மனைவி" என்றார் டைலர். சொல்லி முடிப்பதற்குள் மேடையில் டீச்சரின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அரங்கமே உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் எழுந்து நின்று கைதட்டினார்.